விடைக்குள் ஒரு விடை

குறுக்கெழுத்துப் புதிரின் கடைசிக் கட்டத்தை நிரப்பியதும் பேனாவை மூடி வைத்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். காலைக் காப்பியுடன் தொடங்கிய வேலை அத்துடன் முடிந்துவிடும். ஆனால், கட்டங்கள் அனைத்தும் நிரம்பிய பிறகே உண்மையில் தொடங்கும் ஒரு வகைப் புதிரும் உண்டு. நிரப்பிய விடைகளுக்குள் இன்னொரு விடை மறைந்திருக்கும். அதற்கெனத் தனிக் குறிப்பு எதுவும் இராது. புதிரின் தலைப்பும், ‘விடை ஐந்தெழுத்துச் சொல்’ என்பது போன்ற ஒரு வரி அறிவிப்புமே துணை. ஆங்கிலத்தில் இவ்வகையை ‘மெட்டா’ என்பர். இக்கட்டுரையில் ‘மறைவிடைப் புதிர்’ என்று வழங்குவோம்.

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் பணியாற்றிய கிளையில் சில ஆண்டுகள் நால்வராகச் சேர்ந்து இத்தகைய புதிர்களை அவிழ்த்து வந்தோம். அலுவலர் மூவர், நான்காமவர் எங்கள் வாடிக்கையாளர். அந்தப் பழக்கம் எங்களுக்குச் சொற்களைக் கற்பித்ததைவிட, பிறருக்கு எந்த அளவில் உதவ வேண்டும் என்பதையே அதிகம் கற்பித்தது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒரு சிறு மாதிரி

விளக்கத்தைக் காட்டிலும் மாதிரி எளிது. எங்கள் குழுவினர் தமிழில் அமைத்த சிறு புதிர் ஒன்றைக் கீழே தருகிறோம். வாசகர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு முயலலாம்.

தலைப்பு: ஓரெழுத்துப் பிழை

1. இராமனுக்கு இலக்குவன் ____ பிறந்தவன்.
2. சுவரில் மாட்டுவது; திரையரங்கில் ஓடுவது.
3. அகப்பொருள் நூல்களில் தலைவியின் தோழி.
4. மின்விசிறி வருவதற்கு முன் அலுவலகக் கூரையில் தொங்கவிட்டுக் கயிற்றால் இழுத்து ஆட்டியது.

அறிவிப்பு: நான்கு விடைகளும் மும்மூன்று எழுத்துகள் கொண்டவை. அவற்றுள் மறைந்திருப்பது, பள்ளி நாள்முதல் நமக்குப் பழக்கமான ஒரு நான்கெழுத்துச் சொல்.

நான்கு விடைகளையும் சற்றுப் பின்னர்த் தருவோம். மறைவிடையைக் கட்டுரையின் இறுதியிலேதான் தருவோம். அதற்குக் காரணம் உண்டு.

இப்புதிர்கள் வளர்ந்த இடம்

குறுக்கெழுத்து அமெரிக்காவில் பிறந்தது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் வைர வடிவக் கட்டத்தில் முதற்புதிரை வெளியிட்டார். அவர் இட்ட பெயர் ‘வேர்ட்-கிராஸ்’. சில வாரங்களில் அது ‘கிராஸ்-வேர்ட்’ என மாறிற்று. அச்சுக்கோப்பில் நேர்ந்த பிழையே அதற்குக் காரணம் என்பர். பிழையே பெயராக நிலைத்துவிட்டது.

மறைவிடை வகை பெருவழக்குக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்கப் புதிர் ஆசிரியரான மேட் காஃப்னி 2008-இல் வாரந்தோறும் ஒரு மறைவிடைப் போட்டியை நடத்தத் தொடங்கினார். மாதத்தின் முதல் வாரத்துப் புதிர் எளிது. வாரம் ஏற ஏறக் கடுமையும் ஏறும். முதல் வாரத்தில் நிமிர்ந்து நின்றவர்கள் நான்காம் வாரத்தில் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். 2015-இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ், அன்றாடக் குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது வெள்ளிக்கிழமையை இவ்வகைக்கு ஒதுக்கியது. ஞாயிறு நள்ளிரவுக்குள் விடையை அனுப்ப வேண்டும். சரியான விடை அனுப்பியவர்களிலிருந்து குலுக்கலில் தேர்வாகும் ஒருவருக்குப் பரிசு, பத்திரிகையின் பெயர் பொறித்த ஒரு காப்பிக் கோப்பை. உலகின் பணச் சந்தைகளை அளக்கும் பத்திரிகை ஒரு கோப்பையைப் பரிசாக வைப்பதும், அதற்காகக் கற்றவர் பலர் வார இறுதியைச் செலவிடுவதும் எங்களுக்கு முதலில் வியப்பாகவே இருந்தது.

இதைக் கூட்டு முயற்சியாகவே வளர்த்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். எம்.ஐ.டி. என்று நாம் அறிவோம். 1981 முதல் அங்கே ஜனவரி மாதத்தில் ‘மிஸ்டரி ஹண்ட்’ என்னும் புதிர் வேட்டை நடைபெறுகிறது. தனியொருவரால் முடியாத அளவுக்குப் புதிர்கள் இருக்கும். ஆகவே குழுக்களாகச் சேர்ந்து, முறைவைத்து உறங்கி, வார இறுதி முழுவதும் அவிழ்ப்பார்கள். பல புதிர்களின் விடைகள் சேர்ந்து ஒரு மேற்புதிராகும். மேற்புதிர்களின் விடைகள், வளாகத்தில் ஒளித்து வைக்கப்பட்டுள்ள ஒரு நாணயத்திடம் கொண்டு சேர்க்கும். அதை முதலில் கண்டெடுக்கும் குழுவுக்கு உரிய சிறப்பு என்ன தெரியுமா? அடுத்த ஆண்டு வேட்டையை அமைக்கும் பொறுப்பு. ஓராண்டு உழைப்புதான் பரிசு.

தமிழுக்கு முற்றிலும் புதிதன்று

விடைகளைக் கோத்தால் இன்னொரு விடை பிறக்கும் என்னும் உத்தியைத் தமிழ் அணி நூலார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். தண்டியலங்காரம், சொல்லணி வகைகளுள் ‘வினாவுத்தரம்’ என்ற ஒன்றைக் கூறுகிறது. வினா, உத்தரம் ஆகிய இரு சொற்களின் சேர்க்கை அது. உத்தரம் என்றால் விடை. அதற்குக் காட்டப்படும் செய்யுளில் சிறு வினாக்கள் நான்கு வரும். மலர்மகளின் பெயர் என்ன? திரு. புறப்படுபவனை அனுப்புவோன் சொல்லும் சொல் என்ன? ஏகு. போரில் எய்யும் சரத்துக்கு மறுபெயர் என்ன? அம்பு. அழகைக் குறிக்கும் சொல் என்ன? அம். ஐந்தாவதாக, பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது என்று செய்யுள் கேட்கும். முன்னைய நான்கு விடைகளையும் வரிசையாகப் புணர்த்தினால் ‘திருவேகம்பம்’ என்று காஞ்சிபுரத்துக் கோயிலின் பெயர் வந்து நிற்கும்.

நான்கு விடைகளைத் தனித்தனியே அறிவதற்குச் சொல்லறிவு போதும். நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது வேறொரு திறம். மறைவிடைப் புதிரின் அடிப்படை முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

இரண்டு படிகள், இருவகை உதவிகள்

முதற்படி, கட்டங்களை நிரப்புதல். இதில் கூட்டம் பெருகப் பெருக வலிமையும் பெருகும். அமெரிக்கப் புதிர்களில் பேஸ்பால் வீரர்கள், தொலைக்காட்சித் தொடர்கள், அங்குள்ள ஆறுகள், ஊர்கள் என்று நமக்கு எட்டாதவை பல வரும். எங்களில் ஒருவருக்கு ஆங்கில இலக்கியம் தெரியும். ஒருவருக்கு மேற்கத்திய இசை. நியூ ஜெர்சியில் உள்ள மகள் வழியாகப் பேஸ்பால் அறிந்தவர் நான்காமவர். ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் சொன்னால் எவருக்கும் இழப்பில்லை. பங்களிப்புகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இரண்டாம் படி, மறைவிடையைக் காணுதல். இங்குக் கூட்டல் செல்லாது. எல்லோர் முன்பும் ஒரே தாள் இருக்கிறது. எல்லோருக்கும் எல்லா விடைகளும் தெரியும். தெரிந்தவற்றை எப்படிப் பார்ப்பது என்பதே எஞ்சிய வினா.

மேலே தந்த மாதிரியை எடுத்துக்கொள்வோம். நான்கு விடைகள்: உடன், படம், பாங்கி, பங்கா. இவற்றை எழுதி வைத்துக்கொண்டு பெரும்பாலோர் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். உ, ப, பா, ப. பொருளில்லை. ஈற்றெழுத்துகள்: ன், ம், கி, கா. அதுவும் இல்லை. நடு எழுத்துகள்: ட, ட, ங், ங். இரட்டை இரட்டையாக வருவதைக் கண்டு, வழி கிடைத்துவிட்டது என்று சிலர் நெடுந்தூரம் நடப்பார்கள். அது தற்செயல். இவ்வாறு தவறான வழியில் ஒரு மணி நேரத்தைச் செலவிட்டுத் திரும்புவது இவ்விளையாட்டில் எவருக்கும் நேர்வது.

சரியான வழியைக் கண்டவருக்கு ஓர் உறுதி கிடைக்கும். மறைவிடை வெளிப்பட்டால் புதிரின் எல்லா உறுப்புகளும் ஒருங்கே பொருந்திவிடும். மாலையில் காசாளர் ரொக்கத்தை எண்ணி முடிக்கையில் ஏட்டுத் தொகையும் கையிருப்பும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகும் கணத்தை அறிந்தவர்களுக்கு அந்த நிறைவு விளங்கும். அந்தக் கணம்தான் இப்புதிரின் உண்மையான பரிசு. ஒருவர் விடையை உரக்கச் சொல்லிவிட்டால், அறையிலுள்ள மற்றவர்கள் அனைவரும் அதை இழந்துவிடுகிறார்கள்.

நாங்கள் செய்த தவறு

இதை நாங்கள் ஒரு தவற்றின் வழியாகவே கற்றோம்.

எங்கள் குழுவின் நான்காமவர் இரயில்வே கணக்குத் துறையில் ஓய்வு பெற்றவர். ஒரு நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வந்தவர், மேசைமேல் கிடந்த அச்சுப் பிரதியைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஒரு வாரமாகத் திணறிய ஆற்றின் பெயரை நின்றபடியே சொன்னார். அன்று முதல் அவரும் எங்களோடு சேர்ந்தார். மனைவி மறைந்த பின் வார இறுதிகள் நீண்டுவிட்டன என்று ஒருமுறை சொன்னதுண்டு. வெள்ளிக்கிழமை மாலை பிரதியை வாங்கிச் செல்வார். விடுமுறைச் சனிக்கிழமைகளில் அவர் வீட்டு வராந்தாவில் கூடுவோம்.

அத்தகைய ஒரு சனிக்கிழமை. பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு விடைகளை ஒவ்வொன்றாகத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எங்களுள் இளையவரான அலுவலர், வந்து அமர்ந்த பத்து நிமிடத்தில் மறைவிடையைக் கண்டுவிட்டார். கண்ட மகிழ்ச்சியில் அதை உரக்கச் சொன்னார். எப்படிக் கண்டார் என்பதையும் விளக்கினார். நாங்கள் கைதட்டினோம். பெரியவர் எழுதுவதை நிறுத்தி, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நல்லது தம்பி, காப்பி சாப்பிடலாம்” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. உடல்நலமில்லையோ என்று விசாரிக்கச் சென்றபோது, மூன்று வாரத்துப் பழைய தாள் அவர் மேசைமேல் பாதி எழுதியபடி இருந்தது. “முடிவு தெரிந்த பிறகு இதை எழுதுவதற்குக் கை வரவில்லை” என்றார். அதில் கடிந்துகொள்ளும் தொனி இல்லை. ஆயினும் இளையவர் அன்று முழுவதும் பேசவில்லை. உதவி என்று எண்ணி நாங்கள் கொடுத்தது, அவரிடம் இருந்த ஒன்றை எடுத்துக்கொள்வதாக முடிந்திருந்தது.

பெட்டகத்தின் இரு சாவிகள்

வங்கியில் பாதுகாப்புப் பெட்டகம் வைத்திருப்பவர்கள் அதைத் திறக்கும் முறையை அறிவார்கள். அலுவலர் வங்கியின் சாவியை முதலில் திருப்புவார். அதனால் மட்டும் பெட்டகம் திறவாது. வாடிக்கையாளரின் சாவியும் திரும்ப வேண்டும். தம் சாவியைத் திருப்பியதும் அலுவலர் அறையைவிட்டு வெளியேறிவிடுவார். திறப்பவரும் உள்ளிருப்பதைக் காண்பவரும் வாடிக்கையாளரே.

நாள்தோறும் செய்துவந்த இந்தச் செயலையே எங்கள் குழுவுக்கு விதியாக்கிக்கொண்டோம். அனுபவமுள்ள குழுக்கள் எங்கும் பின்பற்றும் ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே.

முதலாவது, கெடு முடியும்வரை மறைவிடையை எவரும் வெளியிடுவதில்லை. கண்டவர் ‘கண்டேன்’ என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாவது, கேளாதவருக்கு உதவுவதில்லை. தனியே போராடுவதில் சிலருக்கு இன்பம். அது அவர்கள் உரிமை.

மூன்றாவது, கேட்பவரிடம் முதலில் ‘இதுவரை எதையெல்லாம் முயன்றீர்கள்?’ என்று கேட்க வேண்டும். பலமுறை, தாம் முயன்றதை வாய்விட்டுச் சொல்லும்போதே அவருக்கு வழி புலப்பட்டுவிடும். உதவுபவர் ஒன்றும் சொல்ல வேண்டியிராது.

நான்காவது, உதவி மிகச் சிறியதிலிருந்து தொடங்க வேண்டும். ‘தலைப்பை மீண்டும் பாருங்கள்’ என்பது முதல் உதவி. ‘மூன்றாம் விடையில் தொடங்கிப் பாருங்கள்’ என்பது அடுத்தது. அதற்கும் மேல் தேவைப்பட்டால், அவர் செல்லும் வழி தவறானது என்பதை மட்டும் சொல்லலாம். அதுவே பெரிய உதவி.

ஐந்தாவது, காணாதவர் வெட்கப்பட வேண்டியதில்லை. கெடு முடிந்ததும் கண்டவர் முழு வழியையும் விளக்க வேண்டும்; மற்றவர் கேட்டு மகிழ வேண்டும். இவ்வாரம் காணாதவரே அடுத்த வாரம் முதலில் காண்பது உண்டு.

இளையவரே பெரியவர் வீட்டுக்குச் சென்று இவ்விதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்து அழைத்தார். அவர் மறுபடியும் வரத் தொடங்கினார்.

நியூயார்க்கில் ஞாயிறு நள்ளிரவு என்பது குளிர்காலத்தில் நமக்குத் திங்கள் காலை பத்தரை. நாங்கள் விடை அனுப்புவதில்லை என்றாலும் கெடுவை எங்களுடையதாகவே வைத்திருந்தோம். ஒரு ஜனவரி வாரத்தில் அலுவலர் மூவரும் முற்றிலும் தோற்றிருந்தோம். திங்கள் காலை ஒன்பதரை மணிக்கு, கிளை திறக்கும் பரபரப்பில், இளையவர் பெரியவருக்குத் தொலைபேசியில் பேசினார். முயன்றவை அனைத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்ட பெரியவர், “தம்பி, தலைப்பை வாய்விட்டுப் படித்தீர்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். கண்ணால் படித்தபோது ஒரு பொருள் தந்த தலைப்பு, காதில் விழுந்தபோது வேறொரு பொருள் தந்தது. முதல் வாடிக்கையாளர் உள்ளே வருவதற்குள் இளையவர் விடையைக் கண்டுவிட்டார். எங்களிடம் அவர் ‘கண்டேன்’ என்று மட்டும் சொன்னார்.

மாலையில் பெரியவரிடம், எப்போது கண்டீர்கள் சார் என்று கேட்டார். “சனிக்கிழமையே” என்றார் அவர். இரண்டு நாள்கள் விடையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பங்குக்குரியதை எங்களுக்காக விட்டு வைத்திருந்தார். எம்.ஐ.டி. வேட்டையின் முடிவில் கிடைப்பது ஒரு நாணயம் என்று சொன்னோம். தமிழில் அச்சொல்லுக்கு உள்ள இரண்டாவது பொருளையும் அன்று நினைத்துக்கொண்டோம்.

தொடங்க விரும்புவோர்க்கு

வீட்டிலோ அலுவலகத்திலோ மூவர் நால்வர் சேர்ந்தால் போதும். சில நடைமுறைக் குறிப்புகள் இங்கே.

கட்டங்களை முழுதும் நிரப்பிச் சரிபார்த்த பிறகே மறைவிடையைத் தேடுங்கள். ஓர் எழுத்து தவறினாலும் வழி மறைந்துவிடும். வங்கியில் ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்ப்பது போல, நிரப்பியவரல்லாத இன்னொருவர் சரிபார்ப்பது நன்று. பின்பு தலைப்பை ஆராயுங்கள். இவ்வகைப் புதிரில் தலைப்பு பெரும்பாலும் அலங்காரத்துக்காக வைக்கப்படுவதில்லை. மிக நீண்ட விடைகளையும், வேண்டாத சொற்கள் கொண்ட விந்தையான குறிப்புகளையும் தனியே எழுதுங்கள். மறைவிடையின் எழுத்தெண்ணிக்கை தரப்பட்டிருந்தால், அவ்வெண்ணிக்கைக்குச் சமமாகப் புதிரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதுவும் புலப்படாவிட்டால் தாளை மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சமையலறையிலும் பேருந்திலும் விடை கண்டவர்கள் மிகப் பலர்.

தமிழில் இத்தகைய புதிர்களை அமைக்க நம் எழுத்து முறை இடர் என்று எண்ண வேண்டியதில்லை. ‘க’, ‘கா’, ‘கு’, ‘க்’ என ஒரே மெய் பல வடிவங்களில் வருவது அமைப்பவருக்கு உதவியே.

மாதிரிப் புதிரின் விடை

இன்னும் முயல விரும்புவோருக்கு ஒரேயொரு தூண்டல்: நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இதழ் ஒரு வங்கியின் இதழ். இதற்கு மேல் படிக்காமல், நான்கு சொற்களையும் மறுபடி பாருங்கள்.

இனி விடை. தலைப்பு, ஒவ்வொரு சொல்லிலும் ஓரெழுத்து பிழை என்கிறது. உரிய எழுத்தை மாற்றினால் நான்கும் வங்கிச் சொற்களாகும். ‘உடன்’ என்பதில் ‘உ’ போய் ‘க’ வந்தால் கடன். ‘படம்’ என்பதில் ‘ட’ போய் ‘ண’ வந்தால் பணம். ‘பாங்கி’யில் ‘ங்’ போய் ‘க்’ வந்தால் பாக்கி. ‘பங்கா’வில் ‘கா’ போய் ‘கு’ வந்தால் பங்கு. திருத்திய எழுத்துகளை வரிசையாகப் படியுங்கள்: க, ண, க், கு.

கணக்கு. பள்ளியில் கண்டு நாம் அஞ்சியது, வங்கியில் நாம் தொடங்குவது.

இதைத் தாமே கண்டவர்களுக்கு எங்கள் பாராட்டுகள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இவ்விதழை வீட்டில் அடுத்தவரிடம் கொடுக்கும்போது, விடையைச் சொல்லாமல் கொடுங்கள்.